மறுப்புக் கடிதத்துக்குப் பிறகு என்ன செய்வது? அமெரிக்க முன்னாள் படைவீரர்களின் இயலாமை இழப்பீட்டு மேன்முறையீடு: தொடக்க விளக்கம்

அமெரிக்கப் படையில் பணியாற்றி விலகிய ஒருவர், அந்தப் பணியால் தமக்கு நேர்ந்த நோய்க்கோ காயத்துக்கோ மாதாந்த இழப்பீடு கேட்டு விண்ணப்பிக்கிறார். பல மாதங்கள் கழித்து முன்னாள் படைவீரர் விவகாரத் திணைக்களத்திலிருந்து கடிதம் வருகிறது. "சேவையுடனான தொடர்பு மறுக்கப்படுகிறது" என்று அதில் இருக்கிறது. அரசாங்கத்தின் முத்திரையோடு வந்த கடிதம் என்பதால், அதற்கு மேல் பேச ஒன்றுமில்லை என்று எண்ணிப் பலர் அதை மடித்து வைத்துவிடுகிறார்கள். உண்மையில் அந்தக் கடிதம் ஒரு கட்டத்தின் முடிவு மட்டுமே. எந்த இடத்தில் கோரிக்கை தடைப்பட்டது என்பதை அதுவே சொல்கிறது. அதைச் சரியாக வாசித்தால், அடுத்து எந்தப் பாதையில் போக வேண்டும் என்பதும் பெரும்பாலும் அதிலிருந்தே தெரிந்துவிடும்.

திருகோணமலையில் இருந்துகொண்டு அமெரிக்கப் படைவீரர்களைப் பற்றி எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. அமெரிக்கக் குடியுரிமை இல்லாமல் நிரந்தர வதிவிட உரிமை மட்டும் உள்ளவர்களும் அந்நாட்டுப் படைகளில் சேரலாம். அதற்கும் மேலாக, 2008இல் தொடங்கி 2016 வரை ஆட்சேர்ப்பு நடத்திய 'மாவ்னி' என்ற சிறப்புத் திட்டம், நிரந்தர வதிவிட உரிமை இல்லாதவர்களையும் மொழித்திறனுக்காகச் சேர்த்துக்கொண்டது. அதன் மொழிப் பட்டியலில் தமிழும் சிங்களமும் இருந்தன. ஆகவே நம் மாவட்டத்திலிருந்து புலம்பெயர்ந்த குடும்பங்களின் பிள்ளைகளில் அந்தச் சீருடையை அணிந்தவர்களும் உண்டு; சேவை முடிந்து உவர்மலையிலோ நிலாவெளியிலோ வந்து குடியிருக்க விரும்புகிறவர்களும் உண்டு. சேவை தொடர்பான இயலாமைக்கான இழப்பீடு, பெறுபவர் எந்த நாட்டில் வாழ்ந்தாலும் கிடைக்கும். மொழிபெயர்ப்புக்காக என் மேசைக்கு வரும் தாள்களில் இத்தகைய கடிதங்களைப் பார்க்கும்போதெல்லாம், இதைத் தமிழில் ஒருமுறை ஒழுங்காக எழுதிவைக்க வேண்டும் என்று நினைத்ததுண்டு.

எதை நிறுவ வேண்டும்?

இந்த இழப்பீடு ஓய்வூதியம் அன்று. எத்தனை வருடம் சேவை செய்தார் என்பது இதற்குக் கணக்கில்லை. மூன்று விடயங்கள் நிறுவப்பட்டால் போதும். முதலாவது, இப்போது ஒரு நோய் அல்லது குறைபாடு இருக்க வேண்டும். இரண்டாவது, சேவைக் காலத்தில் ஒரு சம்பவமோ காயமோ நோயோ, அல்லது இரைச்சல், நச்சுப்புகை போன்ற ஒன்றின் தாக்கமோ நேர்ந்திருக்க வேண்டும். மூன்றாவது, இந்த இரண்டையும் இணைக்கும் தொடர்பு, அதாவது இன்றைய நோய் அன்றைய நிகழ்வால் வந்தது என்பதற்கான ஆதாரம் வேண்டும். மறுக்கப்பட்ட கோரிக்கைகளில் நான் வாசித்தவற்றுள் அதிகமானவை இந்த மூன்றாவது இடத்திலேயே தடுக்கி நின்றவை.

தொடர்பு நிறுவப்பட்டதும், நோயின் கடுமைக்கு ஏற்பப் பூச்சியத்திலிருந்து நூறு வரை பத்துப் பத்தாக உயரும் சதவீதம் ஒன்று வழங்கப்படும். 2025ஆம் ஆண்டுக்கான விகிதப்படி, 10 சதவீதத்துக்கு மாதம் 175.51 டொலர், தங்கி வாழ்வோர் எவருமில்லாத ஒருவருக்கு 100 சதவீதமெனில் 3,831.30 டொலர். ஒன்றுக்கு மேற்பட்ட நோய்கள் இருந்தால் சதவீதங்களை அப்படியே கூட்டுவதில்லை. ஒன்றுக்கு 50, இன்னொன்றுக்கு 30 என்றால், முதலில் நூறில் 50 போக மிஞ்சும் 50இல் 30 சதவீதம், அதாவது 15 சேர்க்கப்பட்டு 65 ஆகும். அது கிட்டிய பத்துக்கு முழுமையாக்கப்பட்டு 70 ஆகிறது. எண்பது எதிர்பார்த்தவருக்கு எழுபது என்று கடிதம் வரும்போது தவறு நடந்துவிட்டதாகத் தோன்றும். அது கணக்கிடும் முறைதான், அதற்காக மேன்முறையீடு செய்வதில் பயனில்லை. மொத்தம் 30 சதவீதமோ அதற்கு மேலோ ஆகும்போது மனைவி அல்லது கணவர், பிள்ளைகள் ஆகியோருக்காகவும், போதிய வருமானமின்றி அவரை நம்பி வாழும் தாய் தந்தையருக்காகவும் கூடுதல் தொகை கேட்கலாம் என்பதை இங்கே உள்ள பெற்றோர் அறிந்திருப்பது நல்லது.

ஆதாரம் எவ்வளவு வேண்டும் என்பதில்தான் இந்தச் சட்டத்தின் கருணை இருக்கிறது. நமது குடியியல் வழக்குகளில் ஒரு பக்கத்தின் தட்டு சற்றாவது தாழ வேண்டும். இங்கே இரு தட்டும் சமமாக நின்றாலே போதும். ஐயத்தின் பயன் படைவீரருக்கே போகும் என்று சட்டமே சொல்கிறது. ஆகையால் "நிச்சயமாக இதனால்தான் வந்தது" என்று எந்த வைத்தியரும் எழுதத் தேவையில்லை. "இதனால் வந்திருப்பதற்கான வாய்ப்பு, வராமல் இருப்பதற்கான வாய்ப்புக்குக் குறைந்தபட்சம் சமமானது" என்ற அளவே கேட்கப்படுகிறது. இந்த அளவுகோலை அறியாத வைத்தியர்கள், எச்சரிக்கையோடு எழுதுவதாக எண்ணி "இருக்கலாம்", "சாத்தியம் உண்டு" என்று எழுதிக் கொடுத்துவிடுகிறார்கள். அத்தகைய சொற்கள் வெறும் ஊகமாகக் கருதப்பட்டு ஒதுக்கப்படும்.

கடிதத்தை வாசித்தல்

முடிவுக் கடிதத்தில் என்னென்ன இருக்க வேண்டும் என்பதைச் சட்டம் வரையறுத்திருக்கிறது: எந்தெந்தக் கோரிக்கைகள் தீர்மானிக்கப்பட்டன, எந்தச் சான்றுகள் பார்க்கப்பட்டன, எந்த விதிகள் பொருத்தப்பட்டன, கோரியவருக்குச் சாதகமாக எவை ஏற்கப்பட்டன, எது நிறுவப்படவில்லை. இவற்றுள் சாதகமாக ஏற்கப்பட்டவற்றின் பட்டியலைத்தான் முதலில் தேட வேண்டும். அந்தப் பட்டியலில் ஒன்று இடம்பெற்றுவிட்டால், பின்னர் வரும் அதிகாரிகளை அது கட்டுப்படுத்தும்; மறுக்க முடியாத தெளிவான சான்று இருந்தால் ஒழிய அதை அவர்கள் மாற்ற முடியாது.

ஓர் எடுத்துக்காட்டைப் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். அமெரிக்கக் கடற்படையில் விமானந்தாங்கிக் கப்பலொன்றின் மேற்தளத்தில் வேலை செய்தவர் ஒருவர். இப்போது அவருக்குக் காது மந்தம், ஓயாத காது இரைச்சலும் உண்டு. கடிதத்தின் சாதகப் பட்டியலில் இரண்டு வரிகள் இருக்கின்றன: "கேட்கும் திறன் குறைபாடு கண்டறியப்பட்டுள்ளது", "சேவையில் அதிக இரைச்சலுக்கு உட்பட்டமை ஏற்கப்படுகிறது". எந்தத் தொழிலில் எந்த அளவு இரைச்சல் என்ற பட்டியல் திணைக்களத்திடமே இருப்பதால் இரண்டாவது வரி எளிதாக வந்திருக்கும். மறுப்புக்கான காரணம் அடுத்த பத்தியில் இருக்கிறது: "சேவையிலிருந்து விலகும்போது செய்த சோதனையில் கேட்கும் திறன் இயல்பாக இருந்தது, ஆகவே இன்றைய குறைபாட்டுக்கும் சேவைக்கும் தொடர்பில்லை என்று பரிசோதகர் கருதுகிறார்."

இப்போது நிலைமை தெளிவாகிறது. நோய் இருக்கிறதென்று இவர் இனி நிறுவ வேண்டியதில்லை; இரைச்சலில் வேலை செய்ததையும் நிறுவ வேண்டியதில்லை. உடன் பணியாற்றியவர்களிடம் "அங்கே சத்தம் அதிகம்" என்று பத்துக் கடிதம் வாங்கி அனுப்புவது வீண் உழைப்பு. விலகும்போது சோதனை இயல்பு என்ற அந்த ஒரே காரணத்துக்கு மட்டுமே பதில் தேவை. அந்தப் பதிலும் ஏற்கெனவே இருக்கிறது: விலகும்போது சோதனை இயல்பாக இருந்தது என்பதை மட்டும் வைத்துத் தொடர்பை மறுக்க முடியாது என்று அமெரிக்க முன்னாள் படைவீரர் கோரிக்கைகளுக்கான மேன்முறையீட்டு நீதிமன்றம் 1993இலேயே தீர்ப்பளித்திருக்கிறது. சேரும்போது 4000 ஹேர்ட்ஸ் அலைவரிசையில் 5 டெசிபெலில் கேட்ட காது, விலகும்போது 20 டெசிபெலில்தான் கேட்டது என்று வைத்துக்கொண்டால், இரண்டு எண்களும் இயல்பு வரம்புக்குள் இருக்கின்றன. ஆனால் முன்பைவிட 15 டெசிபெல் கூடுதலான ஒலி தேவைப்படும் அளவுக்குக் கேட்கும் திறன் சரிந்திருக்கிறது. அந்தச் சரிவைச் சுட்டிக்காட்டி ஏன் என்று விளக்கும் வைத்தியக் கருத்து ஒன்றே இந்தக் கோப்புக்கு இல்லாத தாள்.

அந்த எண்களைப் பார்ப்பதற்குக் கோப்பு கையில் இருக்க வேண்டும். முடிவுக் கடிதத்தோடு பரிசோதகரின் அறிக்கை இணைக்கப்பட்டு வருவதில்லை. படிவம் 20-10206ஐ நிரப்பித் தமது முழுக் கோரிக்கைக் கோப்பின் பிரதியைக் கேட்டுப் பெறும் உரிமை ஒவ்வொருவருக்கும் உண்டு. அதில் பரிசோதகர் எழுதியதும், சேவைக்கால வைத்தியப் பதிவுகளும் இருக்கும். மறுப்புக்கு எதிராக ஒரு சொல் எழுதுவதற்கு முன்பே இதைக் கேட்டுவிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. எதற்குப் பதில் சொல்கிறோம் என்று தெரியாமல் பதில் எழுதுவது, தொடர்பில்லாத தாள்களால் கோப்பைப் பெருக்குவதில்தான் முடிகிறது.

ஒரு வருடம் என்பதன் பொருள்

மறுப்புக்கு எதிராக நடவடிக்கை எடுக்க ஒரு வருடம் இருக்கிறது. அந்த வருடம் கடிதத்தில் அச்சிடப்பட்ட திகதியிலிருந்து எண்ணப்படுகிறது, தபாற்காரர் நம் வீட்டு வாசலில் மணியடித்த நாளிலிருந்து அன்று. அமெரிக்காவிலிருந்து திருகோணமலைக்குச் சாதாரணத் தபால் வந்து சேர வாரக்கணக்கில் ஆகும் என்பதால், இங்கே இருப்பவருக்கு வருடம் உண்மையில் சற்றுக் குறைந்ததுதான். திணைக்களத்தின் இணையக் கணக்கில் கடிதங்களைப் பார்க்கும் வசதியைச் செய்துகொண்டு, பதில்களையும் அதன் வழியாகவே அனுப்புவது நல்லது.

ஏன் இந்தக் காலக்கெடுவைப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்றால், அதற்குள் பணம் இருக்கிறது. ஒருவர் 2023 மார்ச்சில் முதல் கோரிக்கையைக் கொடுத்து, அக்டோபரில் மறுக்கப்பட்டு, ஒரு வருடத்துக்குள் அடுத்த படியை எடுத்து, 2025இல் வெற்றி பெற்றால், இழப்பீடு 2023 மார்ச்சைத் தொடக்கமாக வைத்துக் கணக்கிடப்படும். இடைப்பட்ட காலத்துக்குரிய நிலுவை முழுவதும் ஒன்றாக வரும். அதே மனிதர் ஒன்றரை வருடம் சும்மா இருந்துவிட்டுப் புதிய சான்றோடு வந்தால், கோரிக்கை அப்போதும் ஏற்கப்படலாம், ஆனால் பணம் பொதுவாக அந்தப் புதிய விண்ணப்ப நாளிலிருந்தே தொடங்கும். ஒவ்வொரு மறுப்புக்குப் பின்னும் ஒரு வருடத்துக்குள் ஏதாவது ஒரு பாதையில் தொடர்ந்து போய்க்கொண்டிருந்தால் அந்த முதல் திகதி காப்பாற்றப்படுகிறது.

மூன்று பாதைகள்

2017 ஆகஸ்டில் நிறைவேறி 2019 பெப்ரவரி 19 முதல் நடைமுறைக்கு வந்த மேன்முறையீட்டு நவீனமயமாக்கல் சட்டம், மறுக்கப்பட்டவருக்கு மூன்று பாதைகளைத் திறந்துவைத்திருக்கிறது. எந்தப் பாதை சிறந்தது என்று பொதுவாகக் கேட்பவர்களுக்குப் பதில் இல்லை. கோப்பில் குறைவது என்ன என்பதைப் பொறுத்தே பாதை அமையும்.

சான்று குறைகிறது என்றால் துணைக் கோரிக்கை, அதாவது படிவம் 20-0995. இதற்கு முன்பு கோப்பில் இல்லாததும், தீர்மானிக்க வேண்டிய விடயத்தோடு சம்பந்தப்பட்டதுமான சான்று ஒன்றாவது வேண்டும். மேலே சொன்ன கப்பல் வேலையாளுக்கு வைத்தியக் கருத்துதான் குறைகிறது. ஆகவே அவருடைய பாதை இதுவே. சான்று எங்கே இருக்கிறதென்று சொன்னால் அதைப் பெற்றுத் தர உதவும் கடமை திணைக்களத்துக்கும் இந்தப் பாதையில் உண்டு. இந்தக் கோரிக்கையை எத்தனை முறையும் கொடுக்கலாம். மற்ற இரண்டு பாதைகளில் தோற்ற பின்னரும் இது திறந்தே இருக்கும்.

சான்றெல்லாம் ஏற்கெனவே கோப்பில் இருந்தும் அதிகாரி அதைக் கவனிக்காமல் விட்டார் அல்லது விதியைத் தவறாகப் பொருத்தினார் என்றால், உயர்நிலை மீள்பரிசீலனை பொருத்தமானது. அதன் படிவம் 20-0996. கூடுதல் அனுபவமுள்ள வேறோர் அதிகாரி அதே கோப்பை முதலிலிருந்து பார்ப்பார். புதிய தாள் ஒன்றைக்கூட இதில் சேர்க்க முடியாது. ஆனால் அந்த அதிகாரியோடு ஒருமுறை தொலைபேசியில் பேசி, தவறு எங்கே நடந்தது என்று சுட்டிக்காட்டும் வாய்ப்பைக் கேட்கலாம். அமெரிக்கக் கிழக்குக் கரையில் காலை 9 மணி என்பது கோடையில் நமக்கு மாலை 6.30, குளிர்காலத்தில் 7.30, அழைப்பு எப்போது வரலாம் என்பதை இதை வைத்துக் கணக்கிட்டு, கோப்பின் பக்க விபரங்களைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருக்க வேண்டும். ஒரு விடயத்துக்கு இந்த மீள்பரிசீலனை நடந்து முடிந்த பின் அதே விடயத்துக்கு உடனே இன்னொரு மீள்பரிசீலனை கேட்க முடியாது. தேவையான வைத்தியப் பரிசோதனையைத் திணைக்களம் நடத்தாமல் விட்டது போன்ற கடமைத் தவறு கண்டுபிடிக்கப்பட்டால், அதைச் சரிசெய்யும்படி கோப்பு திருப்பி அனுப்பப்படும்.

மூன்றாவது, வாஷிங்டனில் உள்ள முன்னாள் படைவீரர் மேன்முறையீட்டுச் சபை. படிவம் 10182 வழியாக இங்கே போகும்போது, இதற்கெனவே நியமிக்கப்பட்ட நீதிபதி ஒருவர் கோப்பைப் பார்க்கிறார். உள்ளதை உள்ளபடி பார்க்கச் சொல்லலாம். 90 நாட்களுக்குள் புதிய சான்று தருவதாகச் சொல்லலாம். அல்லது நேரடி விசாரணை கேட்டு, விசாரணையிலும் அதற்குப் பின் 90 நாட்கள் வரையிலும் சான்று கொடுக்கலாம். மற்ற இரண்டு பாதைகளுக்கும் சராசரி 125 நாட்கள் என்பது திணைக்களத்தின் இலக்கு. சபையில் மிக விரைவான வரிசைக்கே 365 நாட்கள் இலக்காக வைக்கப்பட்டது, விசாரணை கேட்டவர்கள் அதைவிட நெடுநாள் காத்திருக்கிறார்கள். சட்டத்தைப் பற்றிய உண்மையான சர்ச்சை இருக்கும்போது சபைக்குப் போவதில் பொருள் உண்டு. ஒரு வைத்தியக் கடிதம் மட்டும் குறையும்போது அங்கே போய் நிற்பது காலத்தை இழப்பதாகும்.

தொடர்பை நிறுவும் வைத்தியக் கடிதம்

இழப்பீட்டுக் கோப்பில் மிகுந்த பலன் தரும் தாள் இதுவே என்பதால் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. நம்மூர் வைத்தியர்கள் கொடுக்கும் சான்றிதழ்கள் பெரும்பாலும் இரண்டு வரிகளில் முடிந்துவிடும்: இன்னாருக்கு இன்ன நோய், என் சிகிச்சையில் இருக்கிறார். வேலைத்தலத்தில் விடுமுறை கேட்க அது போதும். இங்கே அது மூன்று தேவைகளில் முதலாவதை மட்டுமே நிறைவேற்றுகிறது. கடிதத்தில் வைத்தியர் தமது தகைமையையும் துறையையும் சொல்ல வேண்டும். சேவைக்காலப் பதிவுகளில் எவற்றைப் பார்த்தார் என்று திகதியோடு குறிப்பிட வேண்டும். மேற்சொன்ன "குறைந்தபட்சம் சமமான வாய்ப்பு" என்ற அளவில் தமது முடிவைச் சொல்ல வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, ஏன் அந்த முடிவுக்கு வந்தார் என்று காரணம் காட்ட வேண்டும். வைத்தியக் கருத்தின் எடை அதன் காரண விளக்கத்தில்தான் இருக்கிறது என்று 2008இல் வந்த தீர்ப்பொன்று தெளிவுபடுத்தியது. காது எடுத்துக்காட்டில், இரைச்சல் உட்செவியின் நுண்ணிய மயிர்க்கலங்களை எப்படிச் சேதப்படுத்துகிறது, சேரும்போதும் விலகும்போதும் எடுத்த எண்களுக்கிடையே என்ன மாற்றம், சேவைக்குப் பின் இவர் இரைச்சலான தொழில் எதுவும் செய்யவில்லை என்பது ஆகியவற்றை ஒரு பக்கத்தில் எழுதினால், பரிசோதகரின் ஒற்றை வரிக்கு அது போதிய பதிலாகும். கடிதம் எழுதப்படுவதற்கு முன், கோப்பிலிருந்து எடுத்த பக்கங்களையும் மறுப்புக் கடிதத்தையும் வைத்தியரிடம் கொடுத்து வாசிக்கச் செய்வது கோரியவரின் பொறுப்பு.

நமது வைத்தியசாலைகளின் நோய் நிர்ணய அட்டையும் கிளினிக் கொப்பியும் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே எழுதப்படுவதால் அவற்றுக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படுவதில்லை. கையெழுத்து வாசிக்கும்படி இருக்கிறதா என்பதே கேள்வி. தமிழில் இருப்பவை, அதாவது சித்த வைத்தியரின் குறிப்பு, தாயின் கடிதம், அயலவரின் வாக்குமூலம் போன்றவை, சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரின் ஆங்கில மொழிபெயர்ப்போடு மூலமும் சேர்த்து அனுப்பப்படுவது நல்லது.

இந்தச் சாதாரண மனிதர்களின் வாக்குமூலங்களைக் குறைவாக எண்ண வேண்டாம். கண்ணால் கண்டதையும் காதால் கேட்டதையும் சொல்ல எவருக்கும் தகுதி உண்டு என்பது அந்தச் சட்டத்தில் நிலைபெற்ற விடயம். அக்காலத்து வைத்தியப் பதிவு இல்லை என்ற ஒரே காரணத்தால் அத்தகைய வாக்குமூலத்தைத் தள்ளிவிட முடியாது என்று 2006இல் மேல்நிலை நீதிமன்றமொன்று தீர்ப்பளித்தது. காது இரைச்சல் என்பது அனுபவிப்பவருக்கு மட்டுமே கேட்கும் ஒலி. அது எப்போது தொடங்கியது என்பதற்கு அவரைவிட வேறு சாட்சி இல்லை. படிவம் 21-10210இல், தாம் சொல்வது உண்மை என்ற உறுதிமொழியோடு கையொப்பமிட்டால் போதும். சமாதான நீதவானிடம் போய்ச் சத்தியக்கடதாசி முடிக்கத் தேவையில்லை. "அவருக்கு மிகவும் கஷ்டம்" என்று எழுதுவதைவிட, "2014இல் விடுமுறையில் வந்தபோது, பக்கத்து அறையிலிருந்து கூப்பிட்டால் கேட்கவில்லை; இரவில் மின்விசிறியின் சத்தம் இல்லாமல் தூங்க மாட்டார்" என்று மனைவி எழுதுவது எத்தனையோ மடங்கு வலிமையானது.

இதன் தொடர்ச்சியாக, திணைக்களம் ஏற்பாடு செய்யும் வைத்தியப் பரிசோதனையைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டால் "பரவாயில்லை, இருக்கிறேன்" என்று சொல்வது நம் பண்பாடு. அந்த மரியாதைச் சொல் அங்கே "குறிப்பிடத்தக்க முறைப்பாடு இல்லை" என்று பதிவாகிவிடும். மோசமான நாட்களில் என்ன நடக்கிறது, எந்த வேலையைச் செய்ய முடியவில்லை, எவ்வளவு நேரம் நிற்க முடிகிறது என்பதை உள்ளபடி, கூட்டாமல் குறைக்காமல் சொல்வது புலம்பல் ஆகாது. காரணமின்றிப் பரிசோதனைக்குப் போகாமல் விட்டால், கோரிக்கை இருக்கும் சான்றை மட்டும் வைத்துத் தீர்மானிக்கப்படலாம் அல்லது நேரடியாக மறுக்கப்படலாம்.

இங்கே பிறந்து வளர்ந்தவர்களுக்கு முக்கியமான ஒன்று

மன உளைச்சல் நோய்க்கான கோரிக்கைகளில் நமது மக்களுக்கு ஒரு தனிச் சிக்கல் வரக்கூடும். போரின் நடுவே குழந்தைப் பருவத்தைக் கழித்தவர்கள், 2004 டிசம்பர் 26 கடற்கோளில் உறவுகளை இழந்தவர்கள், பிற்காலத்தில் ஈராக்கிலோ ஆப்கானிஸ்தானிலோ சேவை செய்து நோயுற்றால், அந்த நோய் திருகோணமலையில் பெற்ற காயத்தின் தொடர்ச்சி, சேவையால் வந்ததன்று என்று பரிசோதகர் எழுத இடமுண்டு. இதற்கு எதிராகச் சட்டத்தில் உறுதியான காப்பு இருக்கிறது. படையில் சேரும்போது செய்த வைத்தியப் பரிசோதனையில் அந்த நோய் குறிக்கப்படவில்லை என்றால், அவர் நல்ல உடல்நலத்தோடும் மனநலத்தோடும் சேர்ந்தார் என்றே கொள்ள வேண்டும். அதை உடைக்க வேண்டுமானால், நோய் முன்பே இருந்தது என்பதையும் சேவையில் அது மோசமாகவில்லை என்பதையும், இரண்டையுமே, மறுக்க முடியாத தெளிவான சான்றால் காட்டும் பொறுப்பு அரசாங்கத்துடையது. துயரமான குழந்தைப் பருவம் இருந்தது என்பது நோய் இருந்தது என்பதற்குச் சமமன்று. மறுப்புக் கடிதத்தில் ஊரின் பெயரோ போரின் பெயரோ காரணமாக வந்திருந்தால், இந்த விதி பொருத்தப்பட்டதா என்பதை முதலில் பார்க்க வேண்டும். பொருத்தப்படவில்லை என்றால் அது உயர்நிலை மீள்பரிசீலனைக்கு மிகத் தகுந்த தவறு. எதிரித் தாக்குதல் குறித்த அச்சம் அவர் பணியாற்றிய இடத்துக்கும் சூழலுக்கும் பொருந்துவதாக இருந்தால், குறிப்பிட்ட சம்பவத்துக்குத் தனியே பதிவு தேட வேண்டியதில்லை என்ற தளர்வும் 2010 முதல் உண்டு.

தொடர்பை நிறுவ வேண்டிய சுமையே இல்லாத சில வகைகளும் உள்ளன. 2022 ஆகஸ்ட் 10இல் கையெழுத்தான 'பாக்ட்' சட்டம், திறந்தவெளிக் குப்பைக் குழிகளின் புகைக்கும் பிற நச்சுப் பொருட்களுக்கும் உட்பட்டவர்களுக்குப் பல நோய்களைச் சேவையால் வந்தவை என்றே கொள்ளும்படி செய்தது. வியட்நாம் காலக் களைக்கொல்லிக்கு உட்பட்டவர்களின் உயர் இரத்த அழுத்தமும் அதில் சேர்ந்தது. முன்பு மறுக்கப்பட்டவர்களும் இந்த மாற்றத்தைக் காட்டித் துணைக் கோரிக்கை கொடுக்கலாம். ஏற்கெனவே ஏற்கப்பட்ட நோய் ஒன்று இன்னொரு நோயை உண்டாக்கினாலோ மோசமாக்கினாலோ, ஒரு முழங்காலைக் காப்பதற்காக மறு முழங்கால் பழுதானதைப் போல, அந்த இரண்டாவதற்கும் கோரிக்கை உண்டு.

யாரிடம் உதவி கேட்பது?

அமெரிக்க லீஜன், இயலாமையுற்ற அமெரிக்கப் படைவீரர் சங்கம், வெளிநாட்டுப் போர்களின் படைவீரர் சங்கம் போன்ற அமைப்புகளின் அங்கீகரிக்கப்பட்ட பிரதிநிதிகள் கட்டணமின்றி உதவுகிறார்கள். சட்டத்தரணிகளும் முகவர்களும் அங்கீகாரம் பெற்றவர்களாக இருக்க வேண்டும். அவர்கள்கூட முதல் முடிவு வந்த பின்னரே கட்டணம் வாங்கலாம். நிலுவைத் தொகையில் 20 சதவீதம் வரை நியாயமானது என்றும், மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்டது நியாயமற்றது என்றும் விதி கருதுகிறது. முதல் விண்ணப்பத்தை எழுதித் தருவதற்கே பணம் கேட்பவரும், வருங்கால மாதக் கொடுப்பனவில் பங்கு கேட்பவரும், எத்தனை இனிமையாகப் பேசினாலும், எந்த உறவுமுறை சொல்லி அழைத்தாலும், விலக்கப்பட வேண்டியவர்களே. வெளிநாட்டு வேலைக்கென்று தரகர்களிடம் பணத்தை இழந்த குடும்பங்கள் இங்கே ஏராளம். நோயாளி ஒருவரின் இழப்பீட்டிலும் அதே கை நுழைவதைப் பார்க்கும்போது மனம் கொதிக்கிறது. ஒருவருடைய அங்கீகாரத்தைத் திணைக்களத்தின் இணையதளத்தில் பெயரை இட்டுச் சில நிமிடங்களில் சரிபார்க்கலாம். அமெரிக்காவுக்கு வெளியே வாழ்வோரின் கோரிக்கைகளில் பெரும்பகுதியைப் பிட்ஸ்பர்க் நகர அலுவலகம் கவனிப்பதால், வெளிநாட்டுக் கோப்புகளில் பழக்கமுள்ள பிரதிநிதியைத் தேடுவது பயன் தரும்.

சபைக்கு அப்பால்

சபையும் மறுத்துவிட்டால், 120 நாட்களுக்குள், முன்பு பெயர் சொன்ன, முன்னாள் படைவீரர் கோரிக்கைகளுக்கான மேன்முறையீட்டு நீதிமன்றத்துக்குப் போகலாம். 1988ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவான இந்த நீதிமன்றம் திணைக்களத்தின் பகுதி அன்று, சுதந்திரமானது. அதற்கு முன்பு திணைக்களத்தின் மறுப்பை எதிர்த்து இத்தகைய வழக்குத் தொடுக்கவே வழியிருக்கவில்லை. இங்கே புதிய சான்று எடுத்துக்கொள்ளப்படாது. சபை சட்டப்படி நடந்ததா, போதிய காரணம் காட்டியதா என்பதே ஆராயப்படும். பதிவுக் கட்டணம் 50 டொலர், வசதியில்லாதவர் விலக்குக் கேட்கலாம். வெற்றி பெற்றால் சட்டத்தரணியின் கட்டணத்தை அரசாங்கமே செலுத்த வழியிருப்பதால், பலர் கோரியவரிடம் எதுவும் வாங்காமல் வாதாடுகிறார்கள். 120 நாட்களைத் தவறவிட்டவருக்கும், சபையின் முடிவுத் திகதியிலிருந்து ஒரு வருடத்துக்குள் புதிய சான்றோடு துணைக் கோரிக்கை கொடுக்கும் வாய்ப்பும், அதனால் பழைய தொடக்கத் திகதியைக் காக்கும் வாய்ப்பும் இருக்கின்றன.

மேன்முறையீடு நடந்துகொண்டிருக்கும்போதே படைவீரர் இறந்துவிட்டால், கோரிக்கை அவரோடு முடிந்துவிடுவதில்லை. மனைவியோ, தகுதியுள்ள பிள்ளையோ, அவரை நம்பி வாழ்ந்த பெற்றோரோ, இறந்த நாளிலிருந்து ஒரு வருடத்துக்குள் படிவம் 21P-0847ஐக் கொடுத்து அவருடைய இடத்தில் நின்று தொடரலாம்; அவருக்குச் சேரவேண்டிய நிலுவை அவர்களுக்குச் சேரும். சேவை தொடர்பான நோயே மரணத்துக்குக் காரணமாக இருந்தால், உயிர்வாழும் துணைக்குத் தனியான மாதாந்தக் கொடுப்பனவும் உண்டு. இதற்குத் தேவைப்படும் விவாகப் பதிவுச் சான்றிதழையும், பிறப்பு, இறப்புச் சான்றிதழ்களையும் பிரதேச செயலகத்திலிருந்து பெற்று, தமிழில் உள்ளவற்றை மொழிபெயர்த்து, அந்த ஒரு வருடத்துக்குள் அனுப்பிவிட வேண்டும்.